எட்டு விநாடியில் பத்துப் பெயர்

ஆகஸ்ட் 11, புதன்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகும் நீங்கள் நலமாக இருந்தால் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வரும்.

விருது விழாவைத் தொலைக்காட்சியில் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். அப்பா செய்தித்தாள் படிப்பதுபோல் பார்த்தார். அரை மணி நேரமாக ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. உங்கள் 'வேற்றுவானம்' தான் இந்த ஆண்டின் சிறந்த தொடர் என்று அறிவித்ததும் நான் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டேன். வாராவாரம் புதுக் கதை, புது ஆட்கள், புதுக் கோள் என்று வந்தால் யார் பார்ப்பார்கள், போன வாரம் அழவைத்தவள் இந்த வாரம் எங்கே என்று தேடவா முடியும் என்று எங்கள் வகுப்பில் கிண்டல் செய்த நால்வரை மனதில் வைத்துத்தான் ஏறினேன். அடுத்த விருது சிறந்த கதைக்கு. மூன்றாவது, சிறந்த ஒலிக்கு.

அறிவிப்பாளர் வாசித்ததை அப்படியே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். "காற்றில்லாத நிலவில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் மூச்சை மட்டும் வைத்து, இருபது நிமிடம் நம்மை அசையவிடாமல் செய்ததற்காக." மேடைக்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் நரைத்த தாடி வைத்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் உயரம். மூன்றாவதாக நீங்கள் வருவீர்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அத்தை, அந்த மூச்சு உங்களுடையது. ஏப்ரலில் நீங்களே எழுதினீர்கள். நடிகைக்குச் சளி, மூக்கடைத்த மூச்சுதான் வருகிறது என்று. பிளாஸ்டிக் வாளிக்குள் துண்டை ஒட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டீர்கள் என்று. ஏழு மாடிப் படியை ஏறி இறங்கிவிட்டு வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள் என்று. பயந்தவளின் மூச்சு வேறு, பயத்தை மறைக்கிறவளின் மூச்சு வேறு, இரண்டாவதைப் பிடிக்க மூன்று நாள் ஆனது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் மனப்பாடமே செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது நான் நோட்டில் குறித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வாரமாகக் குறிக்கிறேன். சில வாரம் உங்கள் பெயர் இருக்காது. அந்த வாரம் உங்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் நிலவுக் கதை வந்த இருபத்திரண்டாம் வாரத்திலும் இல்லை. இருபது நிமிடம் மூச்சுவிட்டவருக்கு அந்த வாரம் வேலை இல்லை என்று எப்படி நம்புவது?

தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அலுவலக வேலையை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனதிலிருந்து அவர் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் போடுறதுக்கு ஒரு உத்தியோகமா?" அதனால் பதிலைக் கடிதத்திலேயே எழுதுங்கள். முழுப் பதிலாக எழுதுங்கள்.

உங்கள்,
புழு

*

ஆகஸ்ட் 17

என் அருமைப் புத்தகப் புழுவுக்கு,

நான் நலம். நீ கோபித்துக்கொண்டாலும் நலம்தான்.

விழா அன்று நான் ஸ்டுடியோவில் இருந்தேன். முப்பத்திரண்டாம் வாரக் கதையில் ஒரு இயந்திர மாடு வருகிறதே, அதற்குக் குளம்பு வேண்டியிருந்தது. இரும்பு டப்பாவில் மணலைப் போட்டு மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன். விருது வந்த செய்தியைக் காவலாளி வந்து சொன்னார். சந்தோஷத்தில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கவனித்தாயா, மாட்டுக்கு ஓரிடத்தில் ஆறு கால் சத்தம் கேட்கும்.

இப்போது உன் கேள்வி. தொடர் முடிந்ததும் பெயர் ஓடத் தொலைக்காட்சி நிலையம் எங்களுக்கு எட்டு விநாடி தருகிறது. எட்டு விநாடியில் படிக்கிற மாதிரி பத்துப் பெயர்தான் ஓடும். கேமராவுக்குப் பின்னால் நாங்கள் பதினைந்து பேர். முதல் வாரம் இதற்காக ஒரு சண்டை நடந்தது. அதை எழுதினால் உன் நோட்டு தீர்ந்துவிடும். கடைசியில் படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டர், அவரை நாங்கள் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம், ஒரு வழி சொன்னார். ஐந்து ஐந்து பேராக மூன்று அணி. வாரம் ஓர் அணி விலகிக்கொள்ளும். அதாவது ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் பெயர், மூன்றாம் வாரம் ஓய்வு. தேநீர் மேசைக்கு மேலே சுவரில் அந்த முறைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. யார் பெரியவர், யார் சின்னவர் என்று பார்ப்பதில்லை. எங்கள் ஒலிப்பிரிவுக்குத் தலைவர் பெரியண்ணன், நீ பார்த்த நரைத்த தாடிக்காரர். அவரும் தன் வாரம் வந்தால் விலகிக்கொள்வார்.

இது எங்களுக்குள் நடக்கிற ஏற்பாடு. நிலையத்துக்குத் தெரியாது. விருதுக்குழுவின் விதி, திரையில் யார் பெயர் ஓடியதோ அவருக்கே விருது என்பது. இருபத்திரண்டாம் வாரம் என் பெயர் இல்லை. அவ்வளவுதான். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

விருது இப்போது தேநீர் மேசையில்தான் இருக்கிறது. கனமான கண்ணாடி. காலையில் வெயில் பட்டால் சர்க்கரை டப்பாமேல் வானவில் விழுகிறது. போகிற வருகிற எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் தேநீர் எடுக்கிறோம். நானும் தொட்டேன்.

இதை இத்தோடு விடு. தேர்வுக்குப் படி.

அன்புடன்,
அத்தை

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் முழுப் பதில் எழுதவில்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முப்பத்து மூன்று வாரத்தையும் கட்டம் போட்டுப் பார்த்தேன். உங்கள் பெயர் மூன்றாம் வாரம் இல்லை, ஆறாம் வாரம் இல்லை, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. சரியாக வருகிறது. அப்படியானால் அடுத்து இருபத்தொன்றாம் வாரம்தான் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. அதற்குப் பதிலாக இருபத்திரண்டில் இல்லை. அந்த இரண்டு வாரத்திலும் இன்னொரு பெயர் நேர்மாறாக மாறியிருக்கிறது: விளக்கு அமைப்பவருடைய பெயர். முப்பத்து மூன்று வாரத்தில் இந்த ஓர் இடத்தில்தான் வரிசை உடைகிறது.

இருபத்தொன்றாம் வாரம் மே 23. என் பிறந்த நாள்.

அன்று உங்கள் பெயர் ஓடியபோது நான் கத்தினேன், அடுத்த வீட்டு அக்காவை இழுத்து வந்து காட்ட நினைத்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் உங்களுக்கு எழுதினேனே, எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பரிசு இதுதான் என்று. நீங்கள் வாரத்தை மாற்றிக்கொண்டது எனக்காகத்தானே? அதற்காகத்தானே நிலவுக் கதையில் பெயர் போனது? மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடித்த அன்று நோட்டை மூடிவைத்துவிட்டு அழுதேன். பிறகு யோசித்தேன். நான் அழுதுகொண்டிருப்பதால் விருதில் ஒரு எழுத்துகூட மாறாது. கடிதம் எழுதினால் ஒருவேளை மாறலாம்.

நீங்கள் விடச் சொன்னீர்கள். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை விருதுக்குழுவுக்கு எழுதிவிட்டேன். பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து நான்கு முறை எழுதி, ஐந்தாவது முறை நல்ல கையெழுத்தில் எழுதினேன். அதன் நகல்:

"ஐயா, நான் பத்தாம் வகுப்பு மாணவி. 'வேற்றுவானம்' தொடரின் நிலவுக் கதைக்கு நீங்கள் ஒலி விருது கொடுத்தீர்கள். நீங்கள் பாராட்டிய மூச்சை விட்டவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை. அவர்கள் பதினைந்து பேர் முறை வைத்துப் பெயர் போடுகிறார்கள். அந்த வாரம் அவர் முறை இல்லை. முப்பத்து மூன்று வாரப் பட்டியலை இணைத்திருக்கிறேன். தவறைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை.

உங்கள்,
புழு

*

செப்டம்பர் 8

புழுவுக்கு,

பொய் இல்லைதான். அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை நிலைய மேலாளர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து விருதுக்குழுவின் கடிதத்தை வாசித்தார். திரையில் ஓடும் பட்டியல் முழுப் பட்டியல் அல்ல என்று அறிகிறார்களாம். பட்டியல் சரியில்லை என்றால் விருதும் சரியில்லையாம். ஒரு மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் ஒலி விருதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். உன் கட்டம் போட்ட தாளையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மேலாளர் அதைத் தூக்கிக் காட்டி, "யாருய்யா இது, பத்தாம் வகுப்பு? எங்க கணக்குப் பிரிவுகூட இவ்வளவு ஒழுங்கா கட்டம் போடாது" என்றார். 

விளக்கு அமைப்பவர், எங்களுக்கு வெறும் விளக்கு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார், "நம்ம புழுவா?" உன்னை எங்களுக்கெல்லாம் தெரியும். ஒன்பதாம் வாரம் விண்கலம் வெடித்தபோது, காற்றில்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்டது என்று நீ எழுதிய கடிதத்தை நான்தான் சுவரில் ஒட்டினேன். அதைப் படித்துப் படித்துத்தான் நிலவுக் கதையில் வெளிச் சத்தமே வேண்டாம், தலைக்கவசத்துக்குள் இருக்கும் மூச்சு போதும் என்று முடிவு செய்தோம். அந்தப் பெருமையெல்லாம் திங்கட்கிழமையோடு போயிற்று.

பெரியண்ணனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். கதவு திறக்கிற சத்தத்துக்கும் ஆள் நடக்கிற சத்தத்துக்கும் யாரும் இதுவரை அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. விருது கிடைத்த வாரம்தான் பிள்ளைகளுக்குக் காட்ட அதை இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோனார். மேலாளர் வாசித்து முடித்ததும் அவர் நேராகத் தேநீர் மேசைக்குப் போனார். விருதுக் கண்ணாடியை எடுத்துத் துணிப்பையில் வைத்து, பையின் வாயைக் கட்டி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆமாம், வாரத்தை மாற்றிக்கொண்டது உன் பிறந்த நாளுக்காகத்தான். விளக்கிடம் ஒரு வார்த்தை கேட்டேன், சரி என்றார். எந்தக் கதைக்கு விருது வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அது என் சந்தோஷத்துக்கு நான் செய்தது. அதை எடுத்து ஊரான் மேசையில் வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? என் பெயரை என்னிடம் கேட்காமல் எனக்காகக் கேட்டிருக்கிறாய்.

நானாக எழுதும்வரை எழுதாதே.

அத்தை

*

செப்டம்பர் 13

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பெரியண்ணனிடம் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்கிறேன், அவரிடம் சொல்லுங்கள். துணிப்பையைப் பற்றிப் படித்தபோது கடிதத்தை மூடிவைத்துவிட்டேன், மறுபடி திறக்க ஒரு நாள் ஆனது.

ஆனால் எழுதியதே தவறு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. முயன்று பார்த்தேன். உங்கள் ஏற்பாடு நியாயமானது. பதினைந்து பேரும் சமம் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். நியாயமான ஒன்றை நிலையத்துக்குத் தெரியாமல் ஏன் செய்ய வேண்டும்? ஒளித்துவைத்ததால்தானே என் ஒரு தாள் உங்களைப் பிடித்துக்கொண்டது? இன்னொன்று. எட்டு விநாடி போதாது என்று நீங்கள் யாராவது எப்போதாவது மேலாளரிடம் சொன்னீர்களா? சொன்னதாக ஒரு கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை. ஐந்து பேர் வாராவாரம் தாங்களாகவே விலகிக்கொண்டால் இடம் போதவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வகுப்பில் என்னை 'விருது வாபஸ்' என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

கோபம் தீரும்வரை காத்திருப்பேன். தபால்காரர் வரும்போது மட்டும் வாசலுக்கு வருவேன்.

புழு

*

செப்டம்பர் 29

என் புழுவுக்கு,

எட்டு விநாடி போதாது என்று யாராவது மேலாளரிடம் கேட்டீர்களா என்றாய். இரண்டு வாரம் எல்லோரிடமும் விசாரித்தேன். யாரும் கேட்கவில்லை. பங்கு போட்டுக்கொள்வதில் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள். எங்களுக்குக் கொடுத்த அப்பம் ஏன் அவ்வளவு சின்னது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். விருதுக்குழுவும் மேலாளரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு தாள். அதில் நாங்கள் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். திரையில் ஓடிய பட்டியல் முழுமையானது, சரியானது. ஒலிப்பிரிவுக்கு வெளியே ஒரு பெண் 'உதவி' செய்தார். அவருக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் தரலாம். இப்படி இருந்தது. விருது நிலைக்கும், எனக்கும் ஒரு காகிதம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. மேலாளர் பேனாவைத் திறந்து முதலில் என்னிடம்தான் நீட்டினார். பொல்லாதவர் இல்லை அவர். நல்லது செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினார்.

நான் தாளை இரண்டு தடவை படித்தேன். என் கையெழுத்து போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். பெரியண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் துணிப்பை இன்னும் மேசைக்கு அடியில்தான் இருந்தது. இருபத்தாறு வருடம், புழு. போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை வாங்கினேன்.

அந்த 'உதவி' என்ற சொல்தான் கையைப் பிடித்தது.

"நான் உதவி பண்ணல சார்," என்றேன். "மூச்சு விட்டேன்."

"வார்த்தையில என்னம்மா இருக்கு? எல்லாம் ஒண்ணுதானே," என்றார்.

"அப்ப உதவின்னு உங்க பேருக்கு முன்னால போட்டுக்குங்க. மேலாளர்ன்னு எதுக்கு?"

 கத்தரி பயந்த சுபாவம். எனக்குப் பக்கத்தில் வந்து, "ஒருத்தர் பேருக்காக மத்தவங்க வேலைக்கு ஆபத்து வந்துடக் கூடாதும்மா," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேனாவை மேசையில் வைத்தேன். யாராவது எடுத்துப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன், ஆனால் என் வட்டம் காலியாகத்தான் இருக்கும் என்றேன்.

அப்போதுதான் பெரியண்ணன் எழுந்தார். குனிந்து பையை வெளியே எடுத்தார், கட்டை அவிழ்த்தார், கண்ணாடியை மேலாளருக்கு முன்னால் அந்தத் தாளின் மேலேயே வைத்தார்.

"மேடையில நின்னப்போ இந்தப் பொண்ணு எங்கன்னு யாரும் கேக்கல சார். நானும் சொல்லல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதுக்கு ஒரு பள்ளிக்கூடப் புள்ள எழுத வேண்டியதாப் போச்சு. இதுக்கு மேல பொய்க் கையெழுத்து வேற போட்டு இத வீட்டுல வெச்சுப் பாக்க என்னால முடியாது."

அதற்குப் பிறகு யாரும் பேனாவைத் தொடவில்லை. உன் மன்னிப்பை அவரிடம் சொன்னேன். "கட்டம் போடறது நல்லாத்தான் போட்டிருக்கு," என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

மேலாளர் போன பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம், தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது. பத்தா பதினைந்தா என்று ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது கத்தரிதான், அந்தப் பயந்த மனுஷன்தான், மூலையிலிருந்து சொன்னார்: "பதினஞ்சு பேரு போட இடமில்ல. சரி. ஒருத்தர் பேரும் போடலன்னா இடம் நிறைய இருக்கே."

இந்த ஞாயிறு, நாற்பதாம் வாரம். கதை முடிந்ததும் தொலைக்காட்சியை அணைக்காதே. வீட்டில் யாரையும் அணைக்கவிடாதே.

உன்,
அத்தை

*

அக்டோபர் 4

அன்புள்ள அத்தைக்கு,

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் எழுதுகிறேன். நேற்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஸ்டுடியோவில் இருந்திருப்பீர்கள், எங்கள் கூடத்தில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் தொலைக்காட்சிக்கு முன்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவருகே. அப்பா தன் நாற்காலியில், செய்தித்தாள் மடியில். உங்கள் கடிதம் வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. கதை நன்றாக இருந்தது (தண்ணீர் விலைக்கு விற்கும் கோள், முடிவை மட்டும் நான் ஊகித்துவிட்டேன்). கடைசிக் காட்சி முடிந்தது. நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

திரை கறுத்தது. பெயர் வரவில்லை. இசையும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

நிலவுக் கதையின் மூச்சு என்று எனக்கு உடனே தெரிந்தது. உள்ளே போகிறது, கொஞ்சம் தங்குகிறது, வெளியே வருகிறது. அம்மா, பெட்டி கெட்டுப்போச்சா என்று எழுந்தாள். நான் கையைக் காட்டி உட்காரவைத்தேன். மனதுக்குள் எண்ணினேன். எட்டு விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, அத்தை. பெயர் ஓடும்போது ஒரு நொடி மாதிரி இருக்கும். பெயர் இல்லாதபோது முடியவே இல்லை.

ஐந்தோ ஆறோ எண்ணியிருப்பேன். அப்பா செய்தித்தாளைத் தரையில் போட்டார்.

"இது அவ மூச்சு," என்றார்.

அம்மா யாருடையது என்று கேட்டாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சின்ன வயசுல அவளுக்கு இழுப்பு இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல நான்தான் படுத்திருப்பேன். மூச்சு உள்ள போனா வெளிய வர வரைக்கும் நானும் என் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருப்பேன். நாலு வருஷம் கேட்ட மூச்சு. எனக்குத் தெரியாதா?"

நிலவுக் கதை வந்த மே மாத ஞாயிறு அவர் வெளியூர் போயிருந்தார். நேற்றுதான் முதல் முறையாகக் கேட்டார். அதனால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: முறைச் சீட்டு, என் பிறந்த நாள், விருது, என் கடிதம், 'உதவி', பென்சில் வட்டம்.  முடித்ததும், நிலையத்தின் எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அப்பா யாருக்கும் புகார் சொல்லிப் பழக்கமில்லாதவர். கடைக்காரர் தப்பான பொருளைக் கொடுத்தால்கூட அதையே பழகிக்கொள்கிறவர். நேற்று நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே பேசினார். எண் ஒன்பது தடவை கிடைக்கவில்லை. வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கும் மணிதான் கேட்டது. பத்தாவது தடவை கிடைத்தது.

"இல்லம்மா, எங்க டிவியில கோளாறு இல்ல. படம் நல்லா தெரிஞ்சுது. பேருதான் வரல... ஆமா, வேலை செஞ்சவங்க பேரு. ஏன் வரல?... நீங்க பாத்துட்டுச் சொல்ல வேணாம், நான் லைன்லயே இருக்கேன்... என் தங்கச்சிம்மா. அதுல ஒரு பேரு என் தங்கச்சி பேரு. சத்தம்... சத்தம் அமைக்கிறவ."

அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் சரியாகச் சொன்னார்.

வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்த வாரமும் வரலன்னா மறுபடி கூப்புடுவேன்," என்றார், நான்தான் நிலையம் என்பதுபோல்.

நோட்டில் நாற்பதாம் வாரத்துக்கு நேராக என்ன எழுதுவது என்று யோசித்தேன். காலியாக விட்டால் நான் பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். அதனால் பதினைந்து பெயரையும் எழுதினேன். எழுத எட்டு விநாடியைவிட நிறைய நேரம் ஆனது.

உங்கள்,
புழு

*

நவம்பர் 19

என் புழுவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆறு வாரமாக இங்கே தலைகால் புரியவில்லை.

கெட்ட செய்தி முதலில். ஒலி விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள். விருதுக்குழுவிலிருந்து ஒருவர் வந்து, ரசீதில் பெரியண்ணனின் கையெழுத்து வாங்கி, வைக்கோல் நிரப்பிய பெட்டியில் அதை வைத்துக் கொண்டுபோனார். பெரியண்ணனே வாசல்வரை போய்ப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "கண்ணாடி, பாத்துக் கொண்டு போங்க," என்றார். திரும்பி வந்து கதவுச் சத்தம் ஒன்றைப் பதிவு செய்தார். அன்றைக்கு அது ஏழாவது தடவையிலும் அவருக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. இந்த ஆண்டின் ஒலி விருது யாருக்கும் இல்லை என்று அவர்கள் ஏட்டில் இருக்கும். அதை நானோ நீயோ மாற்ற முடியாது. எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

ஆனால் திரை நான்கு ஞாயிறு கறுத்தது. முதல் வாரம் மேலாளர் கத்தினார். இரண்டாம் வாரம் கத்தரியின் வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த வேறு ஒருவர் வந்து, கதையைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய்விட்டார். மூன்றாம் வாரத்துக்குள் பேர் எங்கே என்று கேட்டு முந்நூற்றுச் சொச்சம் பேர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்கள். பேரை யார் படிக்கிறார்கள் என்று இத்தனை வருடமாகச் சொன்ன மேலாளர் கூப்பிட்டவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார். தொலைபேசி எடுக்கிற பெண், அதில் ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் ஏழு முப்பத்தொன்றுக்குக் கூப்பிடுகிறார், அவருக்காக நாற்காலியில் தயாராக உட்கார்ந்துவிடுகிறேன் என்றாள்.

அவர் போன செவ்வாய்க்கிழமை என்னையும் கூப்பிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் குரல். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, "அந்த வாளிக்குள்ள காத்து போதுமா இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது என்றேன். அவ்வளவுதான் பேசினோம். எனக்கு அது போதும்.

இப்போது நிலையம் எங்களுக்குப் பன்னிரண்டு விநாடி தந்திருக்கிறது. இருபது கேட்டோம். பன்னிரண்டில் பதினைந்து பெயர் ஓடும், அதே பழைய வேகத்தில்தான் ஓடும், உன் மாதிரி கண்ணிருப்பவர்கள் படித்துக்கொள்ளலாம். தேநீர் மேசைக்கு மேலிருந்த சீட்டைக் கத்தரி கிழித்துவிட்டார். மீதி எட்டு விநாடிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை விருதுக்குழுவிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. நாற்பதாம் வாரக் கதையை அனுப்பச் சொல்லி அவர்களே கேட்டிருக்கிறார்கள். மேலாளர் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பார்த்து நிரப்புங்கள், இந்தத் தடவை வம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் எழுதப் பத்துக் கோடு போட்டிருந்தது. பெரியண்ணன் பத்தையும் நிரப்பினார், அணி பார்க்காமல், வயது பார்க்காமல், அகரவரிசையில். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துப் பதினொன்று என்று போட்டு எழுதிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது நான். என் பெயருக்குப் பக்கத்தில் 'மூச்சும் பிற ஒலிகளும்' என்று எழுதிவிட்டு, சரியா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன்.

தனித்தாள் இணைக்கக் கூடாது, இணைத்தால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும் என்று படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

இணைத்திருக்கிறோம்.

உன்,
அத்தை